குடல் அழற்சி நோய் தெற்காசியர்களுக்கு வராதா? ஒரு கேள்விக்கு விரிவான பதில்

இங்கிலாந்தின் லெஸ்டர் நகரில் பிறந்து வளர்ந்த உங்கள் சித்தி மகனுக்கு 23 வயதில் அல்சரேட்டிவ் கோலைட்டிஸ் என்று சொல்லிவிட்டார்கள். மதுரையில் உங்கள் அக்கா மகளுக்கு ஆறு மாதமாக வயிற்றுவலி, எடைக்குறைவு. கொலோனோஸ்கோபி (ஆசனவாய் வழியாகக் கேமராக் குழாயை விட்டுக் குடலைப் பார்க்கும் பரிசோதனை) செய்து பார்த்ததில் சிறுகுடலின் கடைசிப் பகுதியில் புண். அது காசநோயா, க்ரோன் நோயா என்று தெளிவாகச் சொல்ல முடியவில்லை என்கிறார்கள். "வெள்ளைக்காரர்களுக்கு வரும் நோய் எங்கள் குடும்பத்துக்குள் எப்படி வந்தது? தம்பி இந்தியாவிலேயே இருந்திருந்தால் தப்பித்திருப்பானா? சாப்பாட்டை மாற்றினால் சரியாகிவிடுமா? எங்களுக்கும் வருமா?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

முதல் கேள்விக்கு நேரடியாகவே பதில் சொல்லிவிடுகிறேன். இது வெள்ளைக்காரர்களின் நோய் அல்ல. இங்கிலாந்தில் குடியேறிய தெற்காசியர்களிடம் அல்சரேட்டிவ் கோலைட்டிஸ் அங்குள்ள வெள்ளையர்களைவிட அதிகமாகவே காணப்படுகிறது என்பது முப்பது ஆண்டுகளுக்கு மேலாகத் தெரிந்த செய்தி. அதைக் கண்டறிந்த புகழ்பெற்ற ஆய்வுகள் நடந்த இடமே உங்கள் தம்பியின் ஊரான லெஸ்டர்தான். "நமக்கெல்லாம் இது வராது" என்ற நம்பிக்கை நோயாளிகளிடம் மட்டுமல்ல, மருத்துவர்களிடமும் நீண்டகாலம் இருந்தது. அந்த நம்பிக்கையால் நோய் தெரியாமலேயே ஆண்டுகளைக் கழித்தவர்கள் ஏராளம். அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

முதலில் ஒரு குழப்பத்தை ஒதுக்கிவிடலாம். ஐ.பி.எஸ். என்று சொல்லப்படும் எரிச்சல் குடல் கோளாறு வேறு, ஐ.பி.டி. என்ற குடல் அழற்சி நோய் வேறு. முன்னதில் குடலின் இயக்கமும் உணர்வும்தான் கெட்டிருக்கும். உள்ளே பார்த்தால் புண் இருக்காது. பின்னதில் உடலின் நோயெதிர்ப்பு அணுக்கள் குடல் சுவரையே தாக்கி, உண்மையான புண்ணை உண்டாக்குகின்றன. அதன் முக்கிய வகைகள் இரண்டு. அல்சரேட்டிவ் கோலைட்டிஸ் மலக்குடலில் தொடங்கி, இடைவெளி விடாமல் பெருங்குடலில் மேல்நோக்கிப் பரவும். புண் உள்தோலோடு நிற்கும். க்ரோன் நோய் வாயிலிருந்து ஆசனவாய்வரை எங்கு வேண்டுமானாலும், இடைவெளி விட்டுவிட்டு வரலாம். குடல் சுவரின் முழுத் தடிமனையும் துளைக்கும். அதனால்தான் க்ரோன் நோயில் குடல் சுருங்கி அடைபடுவதும், ஆசனவாய்ப் பக்கத்தில் பவுத்திரம் உருவாவதும் நேர்கின்றன. மலத்தில் இரத்தம், இரவில் தூக்கத்தைக் கலைத்து எழுப்பும் வயிற்றுப்போக்கு, காரணமில்லாத எடைக்குறைவு, இரத்தசோகை, காய்ச்சல் ஆகியவற்றில் எது இருந்தாலும் அதை எரிச்சல் குடல் என்று சொல்லி விட்டுவிடக் கூடாது.

இனி லெஸ்டருக்கு வருகிறேன். அந்தப் பகுதியில் நடந்த ஆய்வு 1992-இல் வெளியானது. ஓராண்டில் ஒரு லட்சம் பேருக்கு எத்தனை பேருக்குப் புதிதாக அல்சரேட்டிவ் கோலைட்டிஸ் வருகிறது என்று கணக்கிட்டதில், ஐரோப்பிய வம்சாவளியினரிடம் அது 5.3 ஆகவும் தெற்காசியர்களிடம் 10.8 ஆகவும் இருந்தது. க்ரோன் நோய் மட்டும் தெற்காசியர்களிடம் குறைவு. லெஸ்டரின் தெற்காசியர்களில் பெரும் பகுதியினர் இந்தியாவிலிருந்து நேராக வந்தவர்கள் அல்லர் என்பதையும் கவனிக்க வேண்டும். 1972-இல் உகாண்டாவிலிருந்து இடி அமீன் விரட்டியடித்த குஜராத்திகளும், கென்யா போன்ற அண்டை நாடுகளிலிருந்து வந்தவர்களும் அவர்களில் நிறைய. இரண்டு கண்டங்களைக் கடந்து வந்த மக்கள், குளிரும் தொழிற்சாலையும் நிறைந்த ஒரு நகரத்தில் வேரூன்றிய சில ஆண்டுகளிலேயே இந்த நோய் அவர்களிடம் தலைகாட்டியது. அங்கேயே பிறந்த இரண்டாம் தலைமுறையிலும் அது குறையவில்லை.

கனடாவில் கிடைத்த செய்தி இன்னும் கூர்மையானது. பிரிட்டிஷ் கொலம்பியா மாநிலத்தில் குழந்தைகளையும் பதின்பருவத்தினரையும் ஆராய்ந்தபோது, தெற்காசியப் பிள்ளைகளிடம் குடல் அழற்சி நோய் லட்சத்துக்கு 15-ஐத் தாண்டியது. மற்றப் பிள்ளைகளிடம் 5-ஐ ஒட்டியே இருந்தது. ஒன்டாரியோ மாநிலத்தின் மருத்துவப் பதிவேடுகளை வைத்து நடந்த பெரிய ஆய்வு, எந்த வயதில் குடியேறினார்கள் என்பதைப் பார்த்தது. நடுத்தர வயதில் போய்ச் சேர்ந்தவருக்கு ஆபத்து குறைவு; சிறு வயதில் போனவருக்கு அதிகம். குடியேறும் வயது பத்தாண்டு குறையக் குறைய ஆபத்து ஏறத்தாழ 14 சதவீதம் கூடுகிறது. அங்கேயே பிறந்த தெற்காசியக் குழந்தைகளுக்கோ, தலைமுறை தலைமுறையாகக் கனடாவில் வாழ்பவர்களின் குழந்தைகளுக்கு உள்ள அதே அளவு ஆபத்து.

ஒரு தலைமுறைக்குள் மரபணு மாறிவிடாது. ஆகவே மாறியது சூழல்தான். அதிலும் வாழ்வின் தொடக்க ஆண்டுகளின் சூழல். பிறந்த முதல் சில ஆண்டுகளில் குடலில் குடியேறும் நுண்ணுயிர்க் கூட்டம்தான் நம் நோயெதிர்ப்பு மண்டலத்துக்கு எதைப் பொறுத்துக்கொள்ள வேண்டும், எதைத் தாக்க வேண்டும் என்று பழக்குகிறது. குழந்தைப் பருவத்தில் அடிக்கடி கொடுக்கப்படும் ஆன்டிபயாட்டிக், நார்ச்சத்து குறைந்து ஆலையில் பதப்படுத்திய உணவு பெருகுவது, மண்ணோடும் கால்நடையோடும் இருந்த தொடர்பு அறுந்துபோவது, வயிற்றுப் புழுக்கள் அடியோடு மறைவது, கறுத்த தோலுக்குக் குளிர்நாட்டு வெயில் போதாமல் வைட்டமின் டி குறைவது என்று பல காரணங்கள் பேசப்படுகின்றன. ஒவ்வொன்றுக்கும் ஓரளவு ஆதாரம் உண்டு. தனியாக இதுதான் குற்றவாளி என்று எதையும் நிறுத்திவைக்க முடியாது. இதை உங்கள் சித்தியிடம் கட்டாயம் சொல்லுங்கள். மகனுக்கு எதை ஊட்டினோம், எந்த நாட்டில் வளர்த்தோம் என்று தன்னைத்தானே நொந்துகொள்ள அவருக்கு ஒரு காரணமும் இல்லை.

அப்படியென்றால் இந்தியாவிலேயே இருந்திருந்தால் தப்பித்திருப்பானா? இருபது ஆண்டுகளுக்கு முன்பே இதற்கு "உறுதி இல்லை" என்ற பதில் பஞ்சாபிலிருந்து கிடைத்துவிட்டது. லூதியானாவைச் சேர்ந்த மருத்துவர் அஜித் சூதும் அவருடைய குழுவினரும் வீடு வீடாகப் போய் ஐம்பதாயிரத்துக்கும் மேற்பட்டவர்களை விசாரித்து, சந்தேகம் வந்தவர்களுக்குக் குடல் பரிசோதனையும் செய்தார்கள். 2003-இல் வெளியான முடிவு: ஒரு லட்சம் பேரில் 44 பேருக்கு அல்சரேட்டிவ் கோலைட்டிஸ். புதிதாக வருபவர்கள் ஆண்டுக்கு லட்சத்தில் 6 பேர். ஐரோப்பாவின் சில பகுதிகளோடு ஒப்பிடக்கூடிய எண்ணிக்கை இது. ஆசிய-பசிபிக் நாடுகள் சேர்ந்து நடத்திய பிந்தைய ஆய்வொன்றில் ஹைதராபாத்தில் ஆண்டுக்கு லட்சத்தில் 9 பேருக்கு மேல் புதிதாகக் குடல் அழற்சி நோய் (இரு வகையும் சேர்த்து) கண்டறியப்பட்டது. அந்த ஆய்வில் இடம்பெற்ற ஆசியப் பகுதிகளில் அதுவே முதலிடம்.

இலங்கையில் கொழும்பு, கம்பஹா மாவட்டங்களில் எடுத்த கணக்கு இதற்கு நேர்மாறாகத் தோன்றும்: லட்சத்துக்கு 5.3 பேருக்கு அல்சரேட்டிவ் கோலைட்டிஸ், 1.2 பேருக்கு க்ரோன். ஆனால் அது மருத்துவமனைப் பதிவுகளிலிருந்து எடுத்த கணக்கு. வீட்டுக்கு வீடு போய்க் கேட்பதற்கும், மருத்துவமனை வாசலில் நின்று எண்ணுவதற்கும் பெரிய வேறுபாடு உண்டு. இரத்தம் போவதை வெட்கப்பட்டு மறைப்பவர், மூலம் என்று நினைத்து நாட்டு மருந்து சாப்பிடுபவர், கொலோனோஸ்கோபி வசதி இல்லாத ஊரில் இருப்பவர் யாரும் இரண்டாவது கணக்கில் வரமாட்டார்கள். "இந்தியாவில், இலங்கையில் இது அரிய நோய்" என்று பழைய பாடநூல்கள் சொன்னதில், தேடாததால் கிடைக்காதது எவ்வளவு என்பதை யோசிக்க வேண்டும். இருந்தாலும், இப்போது எண்ணிக்கை உண்மையிலேயே கூடிவருகிறது. முன்பு க்ரோன் நோயை எப்போதாவது பார்த்த பெருநகர மருத்துவமனைகள் இன்று அதற்கெனத் தனி நாள் ஒதுக்கிப் புறநோயாளிப் பிரிவு நடத்துகின்றன.

மரபணுவில் ஒன்றுமே இல்லையா என்றால், இருக்கிறது. ஆனால் ஐரோப்பியர்களிடம் இருப்பது போல அல்ல. அவர்களிடம் க்ரோன் நோயோடு நெருங்கிய தொடர்புள்ள நாட்2 மரபணு மாற்றங்கள் இந்தியர்களிடம் மிகவும் அரிது. வட இந்தியர்களிடம் நடந்த மரபணு ஆய்வுகளில் அல்சரேட்டிவ் கோலைட்டிஸோடு தொடர்புள்ளதாக, நோயெதிர்ப்பைக் கட்டுப்படுத்தும் எச்.எல்.ஏ. பகுதி முன்னிற்கிறது. ஆகவே ஐரோப்பியர்களை வைத்து உருவாக்கிய மரபணுப் பரிசோதனைகளைக் காசு கொடுத்துச் செய்துகொண்டு, அதில் ஒன்றும் இல்லையென்று நிம்மதி அடைவதில் பொருள் இல்லை.

உங்கள் தம்பிக்கு உடனடியாகப் பயன்படும் செய்தி வேறு. வடமேற்கு லண்டனில் நடந்த ஓர் ஒப்பீட்டில், அல்சரேட்டிவ் கோலைட்டிஸ் வந்த தெற்காசியர்களில் 63 சதவீதத்தினருக்குப் பெருங்குடலின் பெரும்பகுதி பாதிக்கப்பட்டிருந்தது. வடஐரோப்பியர்களில் அது 42.5 சதவீதம். கனடாவின் பிள்ளைகளிடமும் இதே போக்குதான். மலக்குடலோடு நின்றிருந்தால் ஆசனவாய் வழியாக வைக்கும் மருந்து மட்டுமே போதும். நோய் மேலே பரவியிருந்தால் குடல் அழற்சியைக் குறைக்கும் மெசலமின் மாத்திரையும் ஆசனவாய் மருந்தும் சேர்ந்து தேவை. பல ஆண்டுகள் கழித்துப் பெருங்குடல் புற்றுநோய் வரும் ஆபத்தும் கூடுதல். ஆகவே அவருடைய கொலோனோஸ்கோபி அறிக்கையில் நோய் எதுவரை பரவியிருக்கிறது என்று எழுதியிருப்பதை அவரே தெரிந்துவைத்திருக்க வேண்டும். நோய் தொடங்கி எட்டு ஆண்டுகள் ஆனதும் புற்றுநோய்க்கான கண்காணிப்புக் கொலோனோஸ்கோபி தொடங்க வேண்டும் என்பது பொதுவான விதி. அறிகுறி இல்லாமல் நன்றாக இருக்கிறேன் என்பது அதைத் தவிர்க்கக் காரணம் ஆகாது.

இப்போது உங்கள் அக்கா மகள். எனக்கு அதிகக் கவலை தருவது அவருடைய நிலைமைதான்.

குடல் காசநோயும் க்ரோன் நோயும் ஒன்றுக்கொன்று வேடம் போடும் நோய்கள். இரண்டும் பெரும்பாலும் சிறுகுடலும் பெருங்குடலும் சேரும் இடத்தில் வரும். இரண்டிலும் வயிற்றுவலி, எடைக்குறைவு, காய்ச்சல், குடல் சுருக்கம். நுண்ணோக்கியில் பார்த்தால் இரண்டிலும் கிரானுலோமா என்ற அணுத்திரள். உலகில் காசநோய் மிக அதிகமாக உள்ள நாடு இந்தியா என்பதால், இங்கே இந்தக் கேள்வி ஒவ்வொரு நோயாளிக்கும் எழுந்தே தீரும். சில அடையாளங்கள் உதவும். காசநோயில் புண்கள் குடலைச் சுற்றிக் குறுக்காக இருக்கும், சிறுகுடலும் பெருங்குடலும் சேரும் இடத்திலுள்ள வால்வு அரிக்கப்பட்டு வாய் பிளந்து நிற்கும், வயிற்றில் நீர் சேரலாம், சி.டி. ஸ்கேனில் நடுப்பகுதி அழுகிய நிணநீர்க் கணுக்கள் தெரியலாம்; நெஞ்சுப் படத்தில் பழைய அல்லது புதிய காசநோய்த் தடம் இருக்கலாம். க்ரோன் நோயில் புண்கள் நெடுக்காக ஓடும். இடையிடையே நல்ல குடல் இருக்கும். ஆசனவாய்ப் பவுத்திரம், மூட்டுவலி, மலத்தில் இரத்தம் ஆகியவை அதன் பக்கம் சாயும் அடையாளங்கள். வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் நோய்க்குறியியல் அறிஞர்கள், காசநோயின் கிரானுலோமாக்கள் பெரியவை, எண்ணிக்கையில் அதிகம், ஒன்றோடொன்று சேர்ந்தவை என்று விரிவாக எழுதியிருக்கிறார்கள். இவ்வளவு இருந்தும் பலருக்கு உறுதியாகச் சொல்ல முடிவதில்லை. குடல் திசுவில் காசநோய்க் கிருமி மிகக் குறைவாகவே இருப்பதால், நுரையீரல் காசநோயில் நன்றாக வேலை செய்யும், கிருமியின் மரபணுவைத் தேடும் ஜீன்எக்ஸ்பர்ட் பரிசோதனை இங்கே பாதிக்கும் மேற்பட்ட நேரங்களில் கிருமியைத் தவறவிட்டுவிடும். மாண்டூ என்ற தோல் பரிசோதனையும் காசநோய்க்கான இரத்தப் பரிசோதனையும், உடலில் எப்போதோ கிருமி நுழைந்ததை மட்டும்தான் காட்டும். நம் நாட்டில் அது பெருந்தொகையான நலமுள்ளவர்களுக்கும் உண்டு.

தவறான பக்கம் போனால் என்ன ஆகும்? காசநோயைக் க்ரோன் என்று நினைத்து, நோயெதிர்ப்பை அடக்கும் ஸ்டீராய்டு கொடுத்தால் கிருமி உடலெங்கும் பரவி உயிருக்கே ஆபத்து. க்ரோனைக் காசநோய் என்று நினைத்து மாதக்கணக்கில் அந்த மாத்திரைகளையே கொடுத்தால், உள்ளே அழற்சி ஓடிக்கொண்டே இருந்து குடல் தழும்பேறிச் சுருங்கிவிடும். அறுவை சிகிச்சைதான் வழி என்று ஆகிவிடும். முதல் தவறு வேகமாகக் கொல்லும் என்பதால், தெளிவில்லாதபோது முதலில் காசநோய் மருந்து கொடுத்துப் பார்ப்பது இந்தியாவில் ஏற்றுக்கொள்ளப்பட்ட வழி. உங்கள் அக்கா மகளின் மருத்துவரும் அதைத் தொடங்கியிருந்தால் தவறில்லை. ஆனால் அந்த வழிக்கு ஓர் எல்லை உண்டு. அந்த எல்லையைத்தான் பலர் மறந்துவிடுகிறார்கள்.

மருந்து தொடங்கி இரண்டு மாதம் ஆனதும் மறுபடியும் கொலோனோஸ்கோபி செய்ய வேண்டும். காசநோயாக இருந்தால் அதற்குள் புண் ஆறியிருக்கும் அல்லது கண்ணுக்குத் தெரியுமளவு ஆறத் தொடங்கியிருக்கும். "வலி குறைந்திருக்கிறது, பசி எடுக்கிறது" என்ற சொல்லை மட்டும் நம்பக் கூடாது. டெல்லி எய்ம்ஸ் மருத்துவர்கள் இதைக் கவனமாகப் பின்தொடர்ந்து காட்டியிருக்கிறார்கள்: க்ரோன் நோயாளிகளிலும் கணிசமானவர்களுக்குக் காசநோய் மருந்தால் தற்காலிகமாக உடம்பு தேறியது போலத் தோன்றும், ஆனால் புண் ஆறாது. ஆகவே உடம்பு தேறிவிட்டதே என்று இரண்டாவது கொலோனோஸ்கோபியைத் தள்ளிப்போட்டு, ஆறு மாதம், ஒன்பது மாதம், பிறகு ஓராண்டு என்று மருந்தை நீட்டுவதை ஒப்புக்கொள்ளாதீர்கள். காசநோய்தான் என்று உறுதியானால் வழக்கமாக ஆறு மாத மருந்து போதும்; அரசுத் திட்டத்தில் அது இலவசம். புண் ஆறவில்லை என்றால் க்ரோன் என்று கருதி சிகிச்சையை மாற்ற வேண்டும். மருந்துக்குக் கட்டுப்படாத காசநோய்க் கிருமிக்கான பரிசோதனையையும் அப்போது செய்துவிட வேண்டும்.

காலதாமதத்துக்கு இன்னும் இரண்டு காரணங்கள் நம்மிடம் உண்டு. ஒன்று மூலம். மலத்தில் இரத்தம் என்றதும் உடம்புச் சூடு, மூலம் என்று முடிவுகட்டிவிடுகிறோம். சளியோடு கலந்த இரத்தம், ஒரு நாளில் பல முறை அவசரமாகப் போக வேண்டிய நிலை, போனபின்னும் நிறைவில்லாத உணர்வு என்றால் அது மூலத்தின் இயல்பு அல்ல. இன்னொன்று கிருமித்தொற்று. அமீபா வயிற்றுக்கடுப்பும் அல்சரேட்டிவ் கோலைட்டிஸ் போலவே தோன்றும். அதைத் தெரிந்துகொள்ளாமல் ஸ்டீராய்டு கொடுத்தால் குடலே துளைபட்டுப்போகலாம். அதனால் ஸ்டீராய்டுக்கு முன் மலப் பரிசோதனை கட்டாயம். மறுபுறம், அமீபாவுக்கான மெட்ரோனிடசோல் மாத்திரையைத் திரும்பத் திரும்ப வாங்கிச் சாப்பிட்டுக்கொண்டு ஆண்டுகளைக் கழிப்பவர்களும் உண்டு. மலத்தில் கால்புரோடெக்டின் என்ற புரதத்தின் அளவைப் பார்க்கும் பரிசோதனை எளிது. எரிச்சல் குடலா அழற்சியா என்று பிரிக்க அது நன்றாக உதவும். ஆனால் கிருமித்தொற்றிலும் காசநோயிலும் அது உயரும் என்பதை நம் நாட்டில் மறக்கக் கூடாது.

மருந்துகளில் தெற்காசியர்களுக்கென்றே தெரிந்திருக்க வேண்டியவை இரண்டு. நோயெதிர்ப்பை அடக்கும் அசதயோப்ரின் என்ற பழைய, விலை குறைந்த, நல்ல மருந்து ஒன்று உண்டு. அது சிலருக்கு வெள்ளை அணுக்களை அபாயமான அளவுக்குக் குறைத்துவிடும். ஐரோப்பாவில் இதை முன்கூட்டியே அறிய டி.பி.எம்.டி. என்ற நொதியைப் பரிசோதிப்பார்கள். நமக்கு அது போதாது. 2014-இல் கொரிய ஆய்வாளர்கள் என்.யு.டி.டி.15 என்ற மரபணுவில் ஒரு மாற்றம்தான் ஆசியர்களிடம் பெரிய காரணம் என்று கண்டுபிடித்தார்கள். ஐரோப்பியர்களிடம் மிக அரிதான இந்த மாற்றம், தெற்காசியர்களில் ஏறத்தாழ பத்தில் ஒருவரிடம் இருக்கிறது. உங்கள் தம்பிக்கு அந்த மருந்தைத் தர நினைத்தால், "என்.யு.டி.டி.15 பார்த்தீர்களா?" என்று கேட்கச் சொல்லுங்கள், டி.பி.எம்.டி. சரியாக இருக்கிறது என்பது இதற்குப் பதில் ஆகாது. பரிசோதனை கிடைக்காத இடத்தில் குறைந்த அளவில் தொடங்கி, முதல் இரண்டு மாதங்களில் அடிக்கடி இரத்த அணுக்களை எண்ணிப் பார்க்க வேண்டும். மருந்து தொடங்கிய சில வாரங்களில் தலைமுடி கொத்துக் கொத்தாகக் கொட்டினாலும், காய்ச்சலோ தொண்டைப் புண்ணோ வந்தாலும் மாத்திரையை நிறுத்திவிட்டு அன்றே இரத்தம் கொடுத்துப் பார்க்க வேண்டும்.

இரண்டாவது, அழற்சியைத் தூண்டும் டி.என்.எஃப். என்ற புரதத்தைத் தடுக்கும் டி.என்.எஃப். எதிர்ப்பு மருந்துகளான இன்ஃப்ளிக்சிமாப், அடாலிமுமாப். கடுமையான நோயை அடக்குவதில் இவை வாழ்க்கையையே மாற்றியவை. ஆனால் உடலுக்குள் தூங்கும் காசநோய்க் கிருமியைப் பூட்டி வைத்திருப்பதும் அதே டி.என்.எஃப். தான். தொடங்கும் முன் நெஞ்சுப் படம், மாண்டூ அல்லது இரத்தப் பரிசோதனை எல்லாம் செய்தாலும், காசநோய் மிகுந்த நாட்டில் இருப்பவருக்குப் பரிசோதனையில் தப்பிய கிருமியோ புதிதாக வந்த கிருமியோ விழித்துக்கொள்ளலாம். சிகிச்சையின் முதல் ஆண்டில் இருமல், மாலைக் காய்ச்சல், எடைக்குறைவு வந்தால் அலட்சியம் கூடாது. லெஸ்டரில் இருக்கும் தம்பி விடுமுறைக்கு மதுரை வந்து தங்குவதும் அவருடைய மருத்துவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். குடலில் மட்டும் வேலை செய்யும் வெடோலிசுமாபில் இந்த ஆபத்து மிகக் குறைவு.

விலையைப் பற்றிக் கவலைப்பட்டிருப்பீர்கள். அடாலிமுமாபின் முதல் மாற்றுத் தயாரிப்பை 2014-இல் ஓர் இந்திய நிறுவனம் வெளியிட்டது. இன்ஃப்ளிக்சிமாபுக்கும் மாற்றுத் தயாரிப்புகள் உண்டு. டோஃபாசிட்டினிப் மாத்திரை இந்தியாவில் பல நிறுவனங்களின் தயாரிப்பாக மலிவாகவே கிடைக்கிறது. அல்சரேட்டிவ் கோலைட்டிஸில் நன்றாக வேலை செய்யும். அக்கியும் காசநோயும் அதன் ஆபத்துகள். மருத்துவர் கண்காணிப்பில்தான் சாப்பிட வேண்டும். விலை மலிவு என்பதற்காக மருந்துக்கடையில் பழைய சீட்டைக் காட்டி ஸ்டீராய்டு வாங்கி மாதக்கணக்கில் விழுங்குவதுதான் நம் ஊரில் நான் மிகவும் அஞ்சும் பழக்கம். ஸ்டீராய்டு எரியும் நெருப்பை அணைக்கும். நோயைக் கட்டுக்குள் வைத்திருக்காது. எலும்பு தேய்வதும் சர்க்கரை நோய் வருவதும்தான் மிச்சமாகும். தெற்காசியர்களுக்குச் சர்க்கரை நோய் எளிதில் வரும் என்பதைச் சொல்லவே வேண்டாம்.

இங்கிலாந்து என்பதால் எல்லாம் தானாக நடக்கும் என்றும் இருந்துவிடக் கூடாது. அங்கே தகவல் அறியும் சட்டத்தின்கீழ் பெற்ற விவரங்களை வைத்து நடந்த ஆய்வுகளில், சில மருத்துவமனைகளில் தெற்காசிய வம்சாவளிக் க்ரோன் நோயாளிகளுக்கு இன்ஃப்ளிக்சிமாப் போன்ற உயிரியல் மருந்துகள் அவர்கள் எண்ணிக்கைக்கு ஏற்ற அளவில் கிடைக்கவில்லை என்று தெரியவந்தது. இது வேதனையான செய்தி. ஒவ்வொரு சந்திப்பிலும் "எனக்கு அடுத்த கட்டச் சிகிச்சை எது, எப்போது?" என்று உங்கள் தம்பி வாய்விட்டுக் கேட்க வேண்டும். சிறப்புச் செவிலியரின் தொலைபேசி எண் அவரிடம் இருக்க வேண்டும். ஒரு நாளில் ஆறு முறையோ அதற்கு மேலோ இரத்தத்தோடு போய், காய்ச்சலோ நிமிடத்துக்கு 90-க்கு மேல் நாடித்துடிப்போ இருந்தால் அது கடுமையான தாக்குதல். அன்றே மருத்துவமனையில் சேர வேண்டும்.

சாப்பாடு பற்றி எல்லோரும் கேட்கிறார்கள்; ஆளுக்கொரு பட்டியலும் தருகிறார்கள். காரம், புளி, பால், கோதுமை, கறி, பருப்பு என்று ஒவ்வொன்றாக நிறுத்தி, கடைசியில் கஞ்சியும் இட்லியும் மட்டுமே மிஞ்சி, எலும்பும் தோலுமாக வருபவர்களைப் பார்க்கும்போது மனம் கனத்துப்போகிறது. காரம் இந்த நோயை உண்டாக்குவதில்லை. பால் குடித்தால் வயிறு உப்புவது தென்னிந்தியர்களில் மிகப் பலருக்கு இயல்பாகவே உண்டு. அது பாலிலுள்ள சர்க்கரை செரிக்காததால் வருவது, புண்ணால் வருவது அல்ல. அப்படி இருந்தால் பாலை விட்டுத் தயிரும் மோரும் சாப்பிடலாம். நோய் கடுமையாக இருக்கும் நாட்களில் சக்கை குறைந்த உணவு இதம். க்ரோன் நோயில் குடல் சுருங்கியிருந்தால் முருங்கைக்காய், கீரைத்தண்டு, பலாக்கொட்டை, சோளம் போன்றவை அடைத்துக்கொள்ளும். அவற்றைத் தவிர்க்கத்தான் வேண்டும். மற்றபடி நோய் அடங்கியபின் வழக்கமான வீட்டுச் சாப்பாடுதான் நல்ல சாப்பாடு. ஆலைத் தின்பண்டங்களையும் இனிப்புப் பானங்களையும் குறைப்பதில் நியாயம் உண்டு. சிறுகுடலின் கடைசிப் பகுதியில் புண் இருப்பவருக்கு பி12 சரியாக உறிஞ்சப்படாமல் போகலாம். சைவம் மட்டும் சாப்பிடுபவர் என்றால் இரட்டைக் குறை. இரும்பு, பி12, வைட்டமின் டி மூன்றையும் ஆண்டுதோறும் பார்க்க வேண்டும்.

இதில் மகிழ்ச்சியான ஒரு செய்தியும் உண்டு. டெல்லி எய்ம்ஸில், லேசானது முதல் நடுத்தரம்வரை நோயுள்ள அல்சரேட்டிவ் கோலைட்டிஸ் நோயாளிகளுக்கு வழக்கமான மருந்தோடு தினமும் 400 மில்லிலிட்டர் இளநீரை எட்டு வாரம் கொடுத்து, சுவையூட்டிய வேறு நீரோடு ஒப்பிட்டார்கள். இளநீர்க் குழுவில் பாதிப்பேருக்கு மேல் நோய் அடங்கியது. மற்றக் குழுவில் சுமார் 28 சதவீதம். மஞ்சளிலும் ஆய்வு நடந்திருக்கிறது: மஞ்சளிலுள்ள குர்குமின் என்ற பொருளை நாளுக்கு மூன்று கிராம் மெசலமினோடு சேர்த்தபோது பயன் தெரிந்தது, எய்ம்ஸில் 450 மில்லிகிராம் கொடுத்துப் பார்த்தபோது தெரியவில்லை. குழம்பில் போடும் மஞ்சளில் அந்த மூன்று கிராம் வராது. இளநீரும் குர்குமினும் மருந்தோடு சேர்த்துக் கொடுக்கப்பட்டவை, மருந்துக்குப் பதிலாக அல்ல. மெசலமினை நிறுத்திவிட்டு இளநீரில் இறங்கினால் நோய் திரும்பிவரும். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கு இளநீரின் பொட்டாசியம் ஆகாது.

நீங்கள் கேட்காவிட்டாலும் அக்காவின் மனத்தில் மகளின் திருமணம் ஓடிக்கொண்டிருக்கும். அதனால்தான் பல வீடுகளில் நோயை மறைக்கிறார்கள். மணமான பின்பு மாத்திரையை ஒளித்துச் சாப்பிட முடியாமல் நிறுத்தி, நோய் முற்றி வருகிறார்கள். இந்த நோய் உள்ள பெண்கள் பெரும்பாலோர் நலமாகக் குழந்தை பெறுகிறார்கள். நோய் அடங்கியிருக்கும்போது கருத்தரிக்க வேண்டும். கருவுற்றபின் பயந்துபோய் மருந்தை நிறுத்தக் கூடாது. குழந்தைக்கு மருந்தைவிடத் தாயின் அடங்காத நோயே அதிகத் தீங்கு. மெசலமின், அசதயோப்ரின், டி.என்.எஃப். எதிர்ப்பு மருந்துகளைக் கர்ப்பத்தில் தொடரலாம். மெத்தோட்ரெக்சேட் கூடாது, டோஃபாசிட்டினிப்பும் வேண்டாம். மெசலமின் வகையைச் சேர்ந்த பழைய மருந்தான சல்ஃபாசலசின் சாப்பிடும் ஆண்களுக்கு விந்தணு குறையும். மருந்தை மாற்றினால் சில மாதங்களில் சரியாகிவிடும். இந்தியாவிலும் இலங்கையிலும் கட்டாயம் நினைவில் வைக்க வேண்டியது பி.சி.ஜி. தடுப்பூசி. கர்ப்பத்தின் பிற்பகுதியில் தாய் இன்ஃப்ளிக்சிமாப் அல்லது அடாலிமுமாப் எடுத்திருந்தால் அது குழந்தையின் இரத்தத்திலும் பல மாதங்கள் இருக்கும், பிறந்தவுடன் பி.சி.ஜி. போட்டால் அந்த உயிருள்ள கிருமியே குழந்தைக்கு ஆபத்தாகலாம். குறைந்தது ஆறு மாதம், இன்ஃப்ளிக்சிமாப் என்றால் ஓராண்டு தள்ளிப் போட வேண்டும். பிரசவ அறையில் பழக்கத்தால் போட்டுவிடாமலிருக்க, தாயின் குறிப்பேட்டில் பெரிதாக எழுதி வைக்கச் சொல்லுங்கள். ரோட்டா வைரஸ் சொட்டு மருந்துக்கும் இதே எச்சரிக்கை உண்டு. அதைப் பற்றிக் குழந்தை மருத்துவரிடம் முன்பே பேசிவிட வேண்டும்.

உங்கள் கடைசிக் கேள்வி, மற்றவர்களுக்கும் வருமா என்பது. உடன்பிறந்தவர்களுக்கும் பிள்ளைகளுக்கும் பொதுமக்களைவிடச் சில மடங்கு ஆபத்து அதிகம்தான். அப்படியும் அவர்களில் மிகப் பெரும்பாலானோருக்கு வராது. சித்தி மகன் என்ற உறவில் உங்களுக்கு அந்தக் கூடுதலும் சொற்பமே. தொந்தரவு எதுவும் இல்லாதவர் கொலோனோஸ்கோபி செய்துகொள்ளத் தேவையில்லை. குடும்பத்தில் யாருக்காவது மூன்று வாரத்துக்கு மேல் வயிற்றுப்போக்கோ, மலத்தில் இரத்தமோ இருந்தால் மலப் பரிசோதனையும் கால்புரோடெக்டினும் செய்துவிட்டு மருத்துவரைப் பார்க்கட்டும். புகைப்பவர் இருந்தால் விடச் சொல்லுங்கள்; க்ரோன் நோயை அது மோசமாக்குகிறது. தலைவலிக்கும் மூட்டுவலிக்கும் டைக்ளோஃபெனாக், இபுப்ரோஃபென் வாங்கிப் போடும் பழக்கத்தைத் தம்பியும் அக்கா மகளும் விட வேண்டும், பாராசிட்டமால் போதும். அக்கா மகளுக்குக் காசநோய் மருந்து தொடங்கிவிட்டார்களா, தொடங்கியிருந்தால் தேதி எது என்று இன்றே கேளுங்கள். அதிலிருந்து இரண்டு மாதம் கணக்கிட்டு, கொலோனோஸ்கோபிக்கு இப்போதே நாள் வாங்கிவிடுங்கள். முதல் பரிசோதனையில் எடுத்த பயாப்ஸி திசுவை மெழுகில் பதித்த துண்டுகளை மருத்துவமனை வைத்திருக்கும். வேறு இடத்தில் இரண்டாம் கருத்துக் கேட்க விரும்பினால் அவற்றையும், சி.டி. படங்களையும் கேட்டு வாங்கிக் கொண்டு போகலாம்.